சின்ன எம், பெரிய எம்: நடுவில் நூறு கோடி மடங்கு

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் நமக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரோம்பேட்டையிலிருந்து, இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி. அவரும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு புராஜெக்ட் பண்ணியிருக்காங்க. தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்துல காலையில எவ்வளவு கூட்டம் போகும்னு உங்களுக்குத் தெரியும். அத்தனை பேரும் மிதிக்கிற மிதியிலிருந்து கரண்ட் எடுத்தா என்ன? இதுதான் ஐடியா.

அதுக்கு அவங்க பயன்படுத்தினது பீசோ தகடு. பெயர் புதுசா இருந்தாலும் பொருள் நம்ம சமையலறையிலேயே இருக்கு. கேஸ் அடுப்பு பத்த வைக்கிற லைட்டரை அழுத்தினா 'டிக்'னு ஒரு பொறி வருதே, பேட்டரி இல்லாம, அது பீசோ வேலைதான். சில வகை படிகங்களையும் பீங்கான்களையும் அழுத்தினா மின்னழுத்தம் உண்டாகும். அந்தத் தகடுகளை ஒரு பாய்க்கு அடியில ஒட்டி, மேல ஒருத்தரை நொடிக்கு ஒரு மிதி மிதிக்க விட்டு அளந்திருக்காங்க. ஒரு பாய்க்கு சராசரியா 5 மில்லிவாட் வந்திருக்கு. பாலத்துல 200 பாய் போடலாம், அப்போ 1000 மில்லிவாட். இதுவரைக்கும் கணக்கு சரி.

ஸ்லைடு தயார் பண்ணும்போதுதான் தப்பு நடந்திருக்கு. மில்லிக்கு ஆங்கிலத்துல சின்ன எம். மெகாவுக்குப் பெரிய எம். அவசரத்துல எல்லாத்தையும் பெரிய எழுத்தா மாத்திட்டாங்க. ஸ்லைடுல '1000 மெகாவாட்'னு ஆயிடுச்சு. வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் பார்த்துட்டு, "தம்பி, கூடங்குளத்துல ஒரு அணுஉலையோட திறன் 1000 மெகாவாட். நீங்க அதைப் படிக்கட்டுலேயே எடுத்துட்டீங்களா?"னு கேட்க, மொத்த ஹாலும் சிரிச்சிருக்கு.

தம்பி மெசேஜை இப்படி முடிச்சிருந்தார்: "அண்ணா, மார்க் போனது போகட்டும். ஆனா இந்த ஐடியாவே வேஸ்ட்டா? எவ்வளவு கரண்ட் வரும்னு எனக்கு நிஜமாவே மனசுல பதியலை."

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இன்னைக்கு எபிசோடு. சூத்திரம் தெரியாம அவர் தடுமாறலை. எண்ணோட அளவு மனசுல பதியாததுதான் பிரச்சினை. அது நம்மில் பல பேருக்கும் உண்டு.

ஆயிரம் ஆயிரமா ஏறுற படி

வாட்ங்கறது திறனோட அலகு. ஒரு நொடியில எவ்வளவு ஆற்றல் கைமாறுது, அதுதான் வாட். நொடிக்கு ஒரு ஜூல்னா ஒரு வாட்.

இந்த வாட்டை ஒரு மாடிப்படியோட நடுத்தளமா வச்சுக்குங்க. மேல ஒரு படி ஏறினா கிலோவாட். இன்னொரு படி மெகாவாட். அதுக்கு மேல ஜிகாவாட். நடுத்தளத்துலேருந்து கீழ ஒரு படி இறங்கினா மில்லிவாட், அப்புறம் மைக்ரோவாட், நானோவாட், பைக்கோவாட். ஒவ்வொரு படியும் சரியா ஆயிரம் மடங்கு. ஏறும்போது ஆயிரத்தால வகுக்கணும், இறங்கும்போது ஆயிரத்தால பெருக்கணும். 2,000 கிலோவாட்டை மெகாவாட்டா மாத்தணுமா? ஒரு படி மேல. ஆயிரத்தால வகுத்தா 2. அவ்வளவுதான்.

இப்போ மில்லியிலிருந்து மெகாவுக்கு எத்தனை படி? மில்லி, வாட், கிலோ, மெகா. மூணு படி. ஆயிரம் பெருக்கல் ஆயிரம் பெருக்கல் ஆயிரம், அதாவது நூறு கோடி. ஒரு எழுத்து சின்னதா பெரிசாங்கறதுல நூறு கோடி மடங்கு வித்தியாசம் ஒளிஞ்சிருக்கு. நம்ம தமிழ் எழுத்துல பெரிசு சின்னது கிடையாது. அதனால இந்த எழுத்து வித்தியாசத்தைக் கவனிக்கிற பழக்கமும் நமக்குக் குறைவு. ஆங்கிலச் சுருக்கத்தை நம்பாம, 'மில்லிவாட்', 'மெகாவாட்'னு முழுசா எழுதுறதுதான் பாதுகாப்பு.

லட்சம் கோடியில வர்ற சிக்கல்

நமக்குன்னு இன்னொரு சிக்கலும் இருக்கு. அலகுகள் ஆயிரம் ஆயிரமா ஏறுது. நம்ம எண்ணுப் பெயர்களோ ஆயிரத்துக்கு அப்புறம் நூறு நூறா ஏறுது. ஆயிரம், நூறாயிரம் சேர்ந்தா லட்சம், நூறு லட்சம் சேர்ந்தா கோடி. ரெண்டு படிக்கட்டோட உயரமும் ஒண்ணு இல்லை. அதனால ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குத் தாவும்போது கால் இடறும்.

'மெகாவாட்னா எத்தனை வாட்?'னு கேட்டா பல பேர் பட்டுனு 'ஒரு லட்சம்'னு சொல்லுவாங்க. இல்லை, பத்து லட்சம். ஜிகாவாட்னா கோடியா? இல்லை, நூறு கோடி. இந்த மூணை மட்டும் மனப்பாடம் பண்ணிக்குங்க: கிலோ ஆயிரம், மெகா பத்து லட்சம், ஜிகா நூறு கோடி.

சைபரை எண்ணாதீங்க, தப்பும். படியை எண்ணுங்க.

நம்ம ஏரியாவுல ஏறிப் பார்ப்போம்

எண்ணா சொன்னா மறந்துடும். பொருளா பார்ப்போம். ரொம்பக் கீழேயிருந்து ஆரம்பிக்கலாம்.

உங்க மொபைல் செட்டிங்ஸ்ல சிக்னல் வலுவைப் பார்த்தா, மைனஸ் 90 டிபிஎம் மாதிரி ஒரு எண் காட்டும். அதுக்கு அர்த்தம், டவர்லேருந்து உங்க போனுக்கு வந்து சேர்றது ஒரு பைக்கோவாட். வாட்டுக்கு நாலு படி கீழே, ஒரு வாட்டுல லட்சம் கோடியில ஒரு பங்கு. அதை வச்சுத்தான் இந்த எபிசோடையே நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்க.

அடுத்து கைக்கடிகாரம். உள்ள இருக்கிற பட்டன் செல், ஒரு வழக்கமான வகையை எடுத்துக்கிட்டா, 1.55 வோல்ட், சுமார் 28 மில்லி ஆம்பியர்-மணி. ரெண்டையும் பெருக்கினா ஏறக்குறைய 43 மில்லிவாட்-மணி. செல் ரெண்டு வருஷம் ஓடுதுன்னு வச்சா 17,520 மணி நேரம். வகுத்துப் பாருங்க, கடிகாரம் தின்கிற திறன் சுமார் 2.5 மைக்ரோவாட்.

தம்பியோட பாய் 5 மில்லிவாட். அதாவது 5,000 மைக்ரோவாட். ஒரே பாய், 2,000 கைக்கடிகாரத்தை ஓட்டும்! இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில திரும்ப வருவோம்.

வாட்டுக்கு வந்தா, வீட்டு எல்இடி பல்பு 9 வாட். போர்வெல் மோட்டார் ஒரு எச்பின்னா 746 வாட், முக்கால் கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கம்மி. அது மோட்டார் வெளியே தர்ற திறன். உள்ளே இழுக்கிறது இன்னும் கூடுதலா இருக்கும். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட்.

அடுத்த படிக்கு நம்ம மின்சார ரயில். பீச்–தாம்பரம் பாதையில 1931-லேருந்து மின்சார ரயில் ஓடுது. பழைய வகை 9 பெட்டி ரயில்ல மூணு மோட்டார் பெட்டி. ஒவ்வொண்ணுலேயும் நாலு மோட்டார். ஒரு மோட்டார் சுமார் 167 கிலோவாட். 12 மோட்டாருக்கு 2,004 கிலோவாட், அதாவது ரெண்டு மெகாவாட். 1,300-க்கும் மேல ஏசி ஒரே நேரத்துல ஓடுற அளவு. சானடோரியத்துல நின்னுட்டுக் கிளம்புதே அந்த ரயில், அந்த உறுமலுக்குப் பின்னாடி இருக்கிற எண் அது.

அதுக்கும் மேலே போக, ஜிஎஸ்டி ரோட்டை விட்டுட்டு கடலோரமா தெற்கே கல்பாக்கத்துக்குப் போவோம். அங்கே சென்னை அணுமின் நிலையத்துல ரெண்டு உலைகள், ஒவ்வொண்ணும் 220 மெகாவாட் திறனுக்கானது. கடைசியா மொத்தத் தமிழ்நாடு. 2024 மே மாசத் தொடக்கத்துல, கோடை உச்சத்துல, மாநிலத்தோட மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டுச்சு. ஒரு படி ஏத்தினா 20.8 ஜிகாவாட்.

கல்பாக்கத்துல இன்னொரு சுவாரஸ்யம் இருக்கு. அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல 'காமினி'ன்னு ஒரு சின்ன அணுஉலை, 1996-ல இயங்கத் தொடங்கினது. அதோட திறன் வெறும் 30 கிலோவாட். இருபது ஏசி அளவு! கரண்ட் எடுக்கிறதுக்காக அதைக் கட்டலை. நியூட்ரான்களை வச்சுப் பொருட்களை ஊடுருவிப் படம் எடுக்கிறது மாதிரியான ஆராய்ச்சிக்காகக் கட்டினது. அதனால 'அணுஉலை'ன்னு சொன்னதுமே மெகாவாட்டைக் கற்பனை பண்ணக் கூடாது.

இன்னொண்ணு, அந்த 30 கிலோவாட் வெப்பத்திறன். மின்திறன் இல்லை. அதே வளாகத்துல இருக்கிற அதிவேக ஈனுலையோட முன்மாதிரிக்கு வெப்பத்திறன் 1,250 மெகாவாட், மின்திறன் 500 மெகாவாட். ரெண்டு எண்ணும் ஒரே உலையைப் பத்தினதுதான். வெப்பத்தோட ஒரு பகுதிதான் கரண்டா மாறும். செய்தியில மெகாவாட்னு பார்த்தா, எந்த மெகாவாட்னு ஒரு தடவை கேட்டுக்குங்க.

வாட் வேற, யூனிட் வேற

இதுவரைக்கும் திறன். ஆனா நம்ம வீட்டுக்கு வர்ற பில்லுல இருக்கிறது திறன் இல்லை, ஆற்றல். அதுதான் யூனிட். ஒரு யூனிட்னா ஒரு கிலோவாட்-மணி.

மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் இருக்கிறவங்களுக்கு இதைத் தண்ணி கணக்கா சொன்னா உடனே புரியும். லாரியிலிருந்து சம்புக்குத் தண்ணி எவ்வளவு வேகமா இறங்குது, அது வாட். கடைசியில சம்புல எவ்வளவு சேர்ந்துச்சு, அது யூனிட். வேகமா ஊத்துற குழாய் அரை நிமிஷத்துல நின்னுட்டா சம்பு நிரம்பாது. சொட்டு சொட்டா ஒழுகுற குழாய் ரெண்டு மாசம் ஒழுகினா தொட்டி நிரம்பிடும்.

அந்தச் சொட்டுக் கணக்கு நம்ம பர்ஸைத் தொடுற விஷயம். ஒரு வாட் இழுக்கிற பொருளை ராத்திரி பகல் நிறுத்தாம ரெண்டு மாசம் விட்டா: 24 மணி, 60 நாள், மொத்தம் 1,440 வாட்-மணி. அதாவது 1.44 யூனிட். ஆக, எப்பவும் ஆன்ல இருக்கிற எதுக்கும், வாட்டை ஏறக்குறைய ஒன்றரையால பெருக்கினா ரெண்டு மாச யூனிட் வந்துடும். ரிமோட்ல மட்டும் ஆஃப் பண்ணின செட்-டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தா 14 யூனிட்டுக்கு மேல போயிடும். தமிழ்நாட்டுல வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதுல ஏழுல ஒரு பங்கு, யாரும் டிவி பார்க்காத நேரத்துலகூட ஓடிக்கிட்டு இருக்கிற பெட்டிக்கே போகுது.

இந்த 'யூனிட்'ங்கற வார்த்தை இன்னொரு இடத்துலேயும் குழப்பும். கூடங்குளம் 'முதல் யூனிட்'னு பேப்பர்ல வருமே, அங்கே யூனிட்னா ஒரு முழு அணுஉலை. நம்ம பில்லுல யூனிட்னா ஒரு கிலோவாட்-மணி. சொல் ஒண்ணு, பொருள் ரெண்டு.

இப்போ பாலத்துக்கு வருவோம்

தம்பி, உங்க 200 பாய். எல்லாத்துலேயும் ஒரே நேரத்துல, நொடிக்கு ஒரு மிதி, ஓய்வே இல்லாம விழுதுன்னே வச்சுக்குவோம். 1000 மில்லிவாட். ஒரு படி ஏத்துங்க. ஒரு வாட். பூஜை அறையில எரியற குட்டி நைட் லேம்ப் அளவு. அப்படியே ஆயிரம் மணி நேரம் ஓடினாத்தான் ஒரு யூனிட். ஆயிரம் மணின்னா ஏறக்குறைய 42 நாள். அதே ஒரு யூனிட்டை 220 மெகாவாட்ல ஓடுற உலை எவ்வளவு நேரத்துல தரும்? ஒரு நொடியில 61 யூனிட் தரும். நீங்க கண் சிமிட்டறதுக்குள்ள பத்து யூனிட்டுக்கு மேல வந்துடும்.

'பாய் சரியில்லை, நல்ல தொழில்நுட்பம் இருந்தா நிறைய வருமே'ன்னு தோணலாம். சரி, உச்ச வரம்பையே பார்த்துடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருத்தர் மிதிக்கும்போது தரை 5 மில்லிமீட்டர் அமுங்குதுன்னு வைங்க. 600 நியூட்டன் பெருக்கல் 0.005 மீட்டர், 3 ஜூல். அதுல ஒரு துளிகூட வீணாகாம கரண்டா மாறுதுன்னு வைங்க. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேர் பாலத்தைக் கடக்கறாங்க, ஆளுக்கு 100 மிதின்னு ஒரு கணக்குக்கு எடுத்துக்குவோம். மொத்தம் மூணு கோடி ஜூல்.

மூணு கோடின்னு கேட்டா மலைப்பா இருக்கு இல்லையா? இங்கேதான் அலகு மாத்தணும். ஒரு யூனிட்னா 36 லட்சம் ஜூல். வகுத்தா 8.3 யூனிட். ஒரு லட்சம் பேர் நடந்து, ஒரு ஏசியை அஞ்சரை மணி நேரம் ஓட்டலாம். அதே 8 யூனிட்டை நிலையத்துக் கூரையில ரெண்டு கிலோவாட் சோலார் போட்டாலே எடுத்துடலாம். நம்ம ஊர் வெயில்ல ஒரு கிலோவாட் சோலார் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும்ங்கறது வழக்கமான கணக்கு. அந்த சோலாருக்கு 200 சதுர அடி இடம் போதும். யார் காலும் தரையில அமுங்க வேண்டியதில்லை. அமுங்குற தரையில நடக்கிறதே மணல்ல நடக்கிற மாதிரி, அந்தக் கரண்ட் நம்ம சாப்பிட்ட இட்லியிலிருந்துதான் வரணும்.

ஸ்டேஷனுக்கே வெளிச்சம் தர்ற கனவு இதோட முடியுது. ஜப்பான்ல ஜேஆர் ஈஸ்ட் நிறுவனம் டோக்கியோ ஸ்டேஷன்லேயே இந்த மாதிரித் தரையைப் போட்டுச் சோதனை பண்ணியிருக்காங்க. ஆனாலும் உலகத்துல எந்த ஊர்லேயும் ரயில் நிலையங்கள் காலடியை நம்பி விளக்கு எரியலை. காரணம் இந்தக் கணக்குதான்.

அப்போ வேஸ்ட்டா?

இல்லை, தம்பி. படியைத்தான் மாத்திப் பிடிச்சுட்டீங்க.

கிலோவாட் கேட்கிற இடத்துல மில்லிவாட்டைக் கொண்டு போனா அது பிச்சைக்காசு. மைக்ரோவாட் கேட்கிற இடத்துல கொண்டு போனா அதுவே சொத்து. முன்னாடி பார்த்தோம், உங்க ஒரு பாய் 2,000 கைக்கடிகாரத்துக்குச் சமம்.

நொடிக்கு ஒரு மிதிக்கு 5 மில்லிவாட்னா, ஒரு மிதிக்கு 5 மில்லிஜூல். சேமிக்கிற சர்க்யூட்ல பாதி போயிடும்னு வச்சாக்கூட 2.5 மில்லிஜூல் மிச்சம். ஒரு படி இறக்கினா 2,500 மைக்ரோஜூல். புளூடூத் மாதிரி ஒரு குட்டி ரேடியோ சிப், 'இங்கே ஒருத்தர் மிதிச்சார்'னு ஒரு சின்ன செய்தி அனுப்ப சில நூறு மைக்ரோஜூல் போதும். அப்போ ஒவ்வொரு மிதியும் தன்னைத் தானே எண்ணி, தானே சொல்லிடும். பேட்டரி வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம். அழுத்துற விசையிலேயே இயங்குற, பேட்டரி இல்லாத வயர்லெஸ் ஸ்விட்சுகள் ஏற்கெனவே கடையில கிடைக்குது. அதே தத்துவம்தான்.

அந்த எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு? 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்து நடைமேம்பாலத்துல நடந்ததை நினைச்சுப் பாருங்க. மழைக்கு ஒதுங்கின கூட்டம், ஒரு குறுகலான படிக்கட்டு, நெரிசல். 20-க்கும் மேற்பட்டவங்க இறந்து போனாங்க. ஒரு படிக்கட்டுல இந்த நிமிஷம் எவ்வளவு நெரிசல் இருக்குன்னு கீழே இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா, மேலும் ஆளை ஏத்தாம நிறுத்தலாம். பாய் மட்டும் எல்லாத்தையும் தீர்த்துடாது. மிதிக்காம நெருக்கி நிக்கிற கூட்டத்தை அது எண்ணாது, வேற சென்சாரும் வேணும். ஆனா அது யோசிக்கத் தகுந்த புராஜெக்ட். அதே பாய், அதே 5 மில்லிவாட். தலைப்பை மட்டும் 'மின் உற்பத்தி'யிலிருந்து 'கூட்ட எண்ணி'ன்னு மாத்துங்க.

முடிக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் மூணு கேள்வி. திறனைப் பத்தி எந்த எண்ணைப் பார்த்தாலும் கேட்டுக்குங்க. ஒண்ணு, எந்தப் படி? மில்லியா, கிலோவா, மெகாவா. ரெண்டு, இது வேகமா, சேர்ந்ததா? வாட்டா, யூனிட்டா. மூணு, இதே படியில எனக்குத் தெரிஞ்ச பொருள் எது? பல்பா, ஏசியா, ரயிலா. மூணாவது கேள்வியை அந்தத் தம்பி ஸ்லைடு போடுறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா, கூடங்குளம் அவர் கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும்.

இன்னைக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி வீட்டுல எரியற சிவப்பு, பச்சை குட்டி விளக்குகளை எண்ணிப் பாருங்க. எந்தெந்தப் பொருள் தூங்காம இருக்கு, அது எத்தனை வாட், ஒன்றரையால பெருக்கினா எத்தனை யூனிட்? கணக்குப் போட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அலகை மட்டும் முழுசா சொல்லுங்க.